முப்பத்திநாலு டிகிரிக்கு ஒரு வீடு

ரங்கையாவின் உயிருக்கு விலை பத்தாயிரம் ரூபாய். சர்க்கார் போட்ட விலை. கைக்கு வந்தது எட்டாயிரத்து ஐந்நூறு. மிச்சத்தை, மனு எழுதிக் கொடுத்த தரகர் எடுத்துக்கொண்டார். செத்துப் போனவர்மேலும் கமிஷன். நான் புத்தூர் பஜாரில் ஜவுளிக் கடைக்குள்ளேயே வளர்ந்தவள். எண்பது ரூபாய் சேலையை நூற்றிருபது சொல்லி, தொண்ணூற்றைந்துக்குக் கொடுத்து, வாங்கினவர் ஜெயித்த முகத்தோடு படியிறங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பெரியவளானவள். எனக்கே அந்த வியாபாரம் அதிகப்படியாக இருந்தது.

இதை என்னிடம் சொன்னவர் ரங்கையாவின் மகன் சிரஞ்சீவி. 2006 மே மாதம், திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்த என் ஆபீசுக்கு வந்தார். முப்பத்திரண்டு வயது இருக்கும். எட்டு வருஷமாகக் குவைத்தில் ஏசி மெக்கானிக். உட்கார்ந்ததும் பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பயப்படாதீங்க மேடம். இது சூடு பாக்கற மெஷின்."

என் ஆபீஸ் கூரையைப் பார்த்து விசையை அழுத்தினார். "நாப்பத்தியாறு." ஜன்னல் கண்ணாடியை நோக்கித் திருப்பினார். "நாப்பத்தி ஒம்போது." பிறகு என் நெற்றியை. "முப்பத்தியஞ்சு. இன்னும் உங்களுக்குக் கோவம் வரல."

"வீடு கட்டவா வந்தீங்க, வேடிக்கை காட்டவா?"

"கட்டத்தான். நீங்க ஜவுளிக்கட நாராயணசாமி பொண்ணுதான? கரெண்டு கம்மியா ஆவற வீடு போட்டுத் தர்றீங்கன்னு சொன்னாங்க. எங்கம்மா உங்க கடையிலதான் துணி எடுக்கும்."

பிறகு அப்பாவின் கதையைச் சொன்னார். புத்தூரிலிருந்து மேற்கே நாலு கிலோமீட்டரில் அவர்கள் காலனி. ஊரில் ஒரு காணி நிலம்கூட இல்லாதவர்களுக்காகக் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடுகள். தலைக்கு மேலே நாலு அங்குல சிமெண்டு தளம், அதற்கு மேலே நேராகச் சூரியன். 2003 மே மாதம் ஒரு மத்தியானம் ரங்கையா கரும்புக் கொல்லையிலிருந்து வந்து வீட்டுக்குள் படுத்தார். கரெண்ட் இல்லை. நாலு மணிக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதைத் தெலுங்கிலேயே வடதெப்ப என்போம், வெயில் அடித்துச் சாவது.

"வெயில்ல செத்திருந்தாகூட ஒத்துக்குவேன் மேடம். எங்க நைனா நெழல்ல செத்தாரு. வீட்டுக்குள்ள. அன்னிக்கி நான் அங்க என்னா பண்ணிக்கினு இருந்தேன் தெரியுமா? ஒரு ஷேக்கோட கார் ஷெட்டுக்கு ரெண்டு டன் ஏசி மாட்டிக்கினு இருந்தேன். காரு வாடக் கூடாதாம்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். மனை அறுபதுக்கு முப்பது. பழைய வீட்டுக்கு எதிரே, ரோடு மேற்கில். கீழே சிவப்பு மையில் ஒரு வரி: மே மாதம், கரெண்ட் இல்லாத மத்தியானம், நாலு மணி, 34.

"இவ்வளவுதான் கேக்கறேன். ஹால்ல அம்மாவுக்குக் கட்டில் போடணும். அது படுத்தா எழுந்திருக்கணும்."

"ஏசி?"

"கரெண்டு போனா அது கொசு குடியிருக்கற பெட்டி. எனக்கு வேணாம்."

ஃபீஸ் பேசினோம். நான் ஐம்பதாயிரம் என்றேன், நாற்பதை மனதில் வைத்துக்கொண்டு. அவர் முப்பது என்றார், நாற்பதை மனதில் வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் கொஞ்சம் முகத்தைச் சுளித்து, நாற்பதில் வந்து உட்கார்ந்தோம். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "முப்பத்திநாலைத் தாண்டினா டிகிரிக்கு அஞ்சாயிரம் கழிச்சுக்குவேன்" என்றார். "குறைஞ்சா டிகிரிக்கு அஞ்சாயிரம் மேல வைக்கணும்" என்றேன். "சரே" என்று பதினைந்தாயிரம் அட்வான்ஸை எண்ணி வைத்தார்.

அடுத்த பத்து நாளும் எனக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை. அப்போது மண்ணைப் பிசைந்து யந்திரத்தில் அழுத்தி வெயிலில் காயவைக்கும் மண்கல் பற்றி ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். புதுச் சாமி பிடித்தவள் மாதிரி இருந்தேன். ஒன்றரை அடி மண் சுவர், மேலே நாட்டு ஓடு, நடுவில் முற்றம், மேற்கு ரோட்டுப் பக்கம் ஜன்னலே இல்லாத முழுச் சுவர். கணக்குப் போட்டால் முப்பத்திரண்டு டிகிரிதான் வந்தது. பத்தாயிரம் ரூபாய் மேலே வரப் போகிறது என்று சிரித்துக்கொண்டே அட்டையில் மாதிரி வீடு செய்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு புத்தூர் போய் இறங்கினேன்.

காலனி வீட்டுக்குள் கால் வைத்ததும் மூச்சு நின்றது. மணி மூன்று. சிரஞ்சீவி தளத்தைச் சுட்டார்: ஐம்பத்திரண்டு. அவர் அம்மா பொன்னியம்மா மாங்காய் மண்டியில் லாரி ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் மாம்பால் பட்டுக் கருகிய தழும்புகள். வீட்டுக்குள் உட்காராமல் வாசலில், சுவர் நிழல் விழுந்த அரை அடி அகலத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக மே மாதத்தில் அவள் மத்தியானம் உள்ளே போவதில்லையாம்.

மாதிரியை அவள் முன்னால் வைத்தேன். குனிந்து ஓட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏம்மா, இதுல எத்தினி மாடு கட்டலாம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரஞ்சீவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பிளானில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மண்ணு கல்லு. பூச்சு இல்லாம. இது என்னா மேடம்?"

"அதுதான் விசேஷம். சூட்டை உள்ளே விடாது. மண்ணுக்கு நிகர் எதுவும்..."

"உங்க நைனா போன வருஷம் கடைக்கு மேல மாடி எடுத்தாரே, அதுல எத்தினி மண்ணு கல்லு வெச்சீங்க?"

"அது நான் போட்ட பிளான் இல்லை."

"ரோட்டுக்கு ஜன்னலே காணோம். வீடு முதுகைக் காட்டிக்கினு நிக்குது. ஏன், உள்ள இருக்கறவங்கள ரோட்டுல போறவங்க பாக்கக் கூடாதா?"

"ரோடு மேற்கே இருக்கு சிரஞ்சீவி! சாயங்கால வெயில் நேரா அடிக்கும். நீங்க கேட்டது முப்பத்திநாலு. நான் முப்பத்திரண்டு தர்றேன். இதுக்குமேல என்ன வேணும் உங்களுக்கு?"

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் குரல் உயரவில்லை, அதுதான் என்னை இன்னும் எரித்தது.

"மண்ணு வீட்டுலர்ந்து வெளிய வர எங்களுக்கு மூணு தலமொற ஆச்சு மேடம். எங்காயா உங்க பக்கத்து வீடுங்களுக்கெல்லாம் சாணி மொழுகுச்சி. நீங்க நாப்பதாயிரம் வாங்கிக்கினு எங்கள திருப்பி உள்ள அனுப்பறீங்க."

நான் படித்ததையெல்லாம் கொட்டினேன். உலகம் முழுக்கப் பணக்காரர்கள் இப்போது மண்ணில்தான் கட்டுகிறார்கள் என்றேன். "அவங்க கட்டட்டும். அவங்க மண்ணுல கட்டினா ஃபேஷன். நான் கட்டினா நான் இன்னும் மாறலன்னு அர்த்தம்" என்றார். பொன்னியம்மா மாதிரியை எடுத்து, உடையாமல், என் மடியிலேயே திருப்பி வைத்தாள். "எடுத்துக்கினு போம்மா. வெயில்ல வந்திருக்கற. மோர் துளி குடிச்சிட்டுப் போ."

மோர் குடிக்கவில்லை. அட்டை வீட்டைத் தூக்கிக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்தேன். ஒவ்வொரு மைல்கல்லிலும் ஒரு பதில் தோன்றியது, ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பிரமாதம். சண்டை முடிந்த பிறகு வரும் பதில்களுக்கு மார்க்கெட்டே கிடையாது.

கடையில் நைனா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்:

"காலனி ஆளு. கீழ் வரிசையிலதான எடுத்துப் போட்ட? அதையே வேணாங்கறானா?"

எங்கள் கடையில் அது ஒரு பழக்கம். வருகிறவர் செருப்பைக் கழற்றும்போதே ஆளை அளந்துவிடுவோம். சிலருக்கு மேல் தட்டில் இருக்கும் பட்டும் மெல்லிசுப் பருத்தியும் இறங்கும். சிலருக்குக் கீழ் வரிசை, அழுத்தமான நிறம், கெட்டித் துணி. அவர்கள் கேட்பதற்கு முன்பே விரித்துவிடுவோம். கீழ் வரிசை மட்டம் என்று யாரும் சொல்ல மாட்டோம். "இதுதாம்மா உங்களுக்கு நல்லா உழைக்கும்" என்போம். பொய்யும் இல்லை, நிஜமாகவே உழைக்கும். பொன்னியம்மா முப்பது வருஷமாக எங்கள் கடைக்கு வருகிறாள். மேல் தட்டு எதற்காகவும் ஒரு நாளும் இறங்கியதில்லை.

"நான் எந்த வரிசையும் பாத்து எடுக்கல" என்று நைனாவிடம் கத்தினேன். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அவருக்கு எது நல்லதோ அதைத்தான் போட்டேன். உழைக்கிற வீடு அது."

சொல்லி முடித்த பிறகு அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. நைனா அதைக் கவனிக்கவில்லை. "அட்வான்ஸ் மட்டும் திருப்பிக் குடுக்காதே" என்று பக்கத்தைப் புரட்டினார்.

மூன்றாம் நாள் சிரஞ்சீவி அட்வான்ஸை வாங்கத் திருப்பதிக்கு வந்தார். நான் பணத்தை எண்ணி உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன், கௌரவமாக முகத்தில் வீசலாம் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த பிளானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சந்திரகிரியில் லாட்ஜ் வைத்திருக்கும் தாமோதரனின் வீடு. அதுவும் இதே மாதம், இதே கையால் போட்டது.

"இவரும் கரெண்டு கம்மியாதான் கேட்டாரா?"

"ஆமா."

அருகே போய் விரலால் தொட்டுப் படித்தார். இரண்டு வரிசைச் செங்கல்லுக்கு நடுவே காற்று நிற்க இடம் விட்ட சுவர். தளத்துக்கு மேலே வெள்ளை ஓடு பதித்து வெயிலைத் திருப்பி அனுப்புவது. மாடிப்படி, குளியலறை, சாமான் அறை மூன்றையும் மேற்கே தள்ளி வெயிலுக்குக் காவல் வைத்தது. கீழே தரைக்குக் கிரானைட். ஓரத்தில் என் கையெழுத்தில்: நாலு மணி, 33.5.

"மண்ணு எங்க மேடம்?"

நான் உறையை மேஜைமேல் வைத்தேன்.

"நாட்டு ஓடு எங்க? முற்றம் எங்க? இவருக்கும் மண்ணுதான நல்லது? ஒலகம் பூராப் பணக்காரங்க மண்ணுலதான கட்டறாங்க?" துப்பாக்கியை எடுத்து என் நெற்றியைப் பார்த்து அழுத்தினார். எண்ணைப் பார்க்கக்கூட இல்லை, பையில் போட்டுக்கொண்டார். "எங்கம்மா உங்க கடையில பட்டு கேட்டுச்சாம், எங்கக்கா கல்யாணத்துக்கு. கீழ இருக்கறதைப் பாரு பொன்னியம்மா, அதான் உழைக்கும்னு சொன்னாங்களாம். நானு நீங்க படிச்சவங்கன்னு நெனச்சேன். நீங்களும் கடைதான்."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவர்மேல் வைக்கலாம் என்றால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நைனாமேல் வைக்கலாம் என்றால் பிளான் போட்டது நைனா இல்லை. தாமோதரனுக்கு மண் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் உண்மை. அவர் காரை விட்டு இறங்கும்போதே என் கை மேல் தட்டுக்குப் போய்விட்டது.

உறையை எடுத்து அலமாரிக்குள் போட்டுச் சாத்தினேன்.

"பணம் குடுக்க மாட்டேன். உக்காருங்க."

"எதுக்கு?"

"பேரம் பேச. இந்தப் பிளானையே உங்க மனைக்குத் திருப்பிப் போடலாம். எது வேணும், எது வேணாம், சொல்லுங்க."

நாற்காலியை இழுத்தார், சத்தமாக. அன்று மத்தியானம் முழுக்க நாங்கள் சண்டை போட்டபடியே ஒரு வீட்டைப் போட்டோம். அவர் சூட்டைக் கிலோ கணக்கில் நிறுப்பவர், எட்டு வருஷம் அதைத்தான் செய்திருக்கிறார். எந்தச் சுவர் எத்தனை சூட்டை உள்ளே விடும் என்று என்னைவிட வேகமாகச் சொன்னார். குளியலறை மேற்கே என்றேன், ஒத்துக்கொண்டார். கூரையில் வெள்ளை ஓடு, ஒத்துக்கொண்டார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பூ வேலை கேட்டார், வெட்டினேன். முன் பக்கத் தூணுக்குக் கிரானைட் கேட்டார், கொடுத்தேன். சுவருக்குள் காலி இடமா என்று இழுத்தார்; "அந்தக் காலிதான் உங்க நோட்டுல இருக்கற முப்பத்திநாலு" என்றேன், சிரித்துவிட்டார்.

கடைசியில் ஹால். ரோட்டைப் பார்த்த சுவர்.

"இங்க ஏழுக்கு அஞ்சு கண்ணாடி வேணும். நீலக் கண்ணாடி."

மேற்குப் பக்கம். ஏழுக்கு ஐந்து. தாமோதரன் இதையேதான் கேட்டார். அவரோடு மூன்று வாரம் சண்டை போட்டேன். போனில் கத்தினேன், அவர் மனைவியை என் பக்கம் இழுத்தேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று பிளானைச் சுருட்டினேன், கடைசியில் அந்தக் கண்ணாடியை எடுத்தேன். இப்போது எதிரில் இருந்தவரிடம் "வேணாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு மண்ணை நீட்டின கை என்னுடையது. இன்னொரு முறை மறுப்பதற்கு என்ன உரிமை என்று நினைத்தேன்.

"சரி" என்றேன். "மேலே சன் ஷேடு கொஞ்சம் நீளமா இழுத்துடறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிளானை மடித்துக்கொண்டார். ஜூன் கடைசியில் குவைத் விமானம் ஏறினார். வீடு பிப்ரவரியில் முடிந்தது.

2007 மே பதினெட்டு, வெள்ளிக்கிழமை. வெயில் உச்சத்தில் இருந்த வாரம். மூன்று மணிக்கே காலனியில் கரெண்ட் போய்விட்டது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தூரத்திலிருந்தே வீடு தெரிந்தது. கிரானைட் தூண், வெள்ளைச் சுவர், நடுவில் நீலக் கண்ணாடி தகதகவென்று. அழகாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ரோட்டில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கதவைத் திறந்தது பொன்னியம்மா. "வாம்மா. கரெக்டா வந்துட்ட, பரீட்சைக்கு."

ஹாலில் சிரஞ்சீவி அனுப்பியிருந்த வெப்பமானி சுவரில் தொங்கியது. கண்ணாடிக்குக் கீழே கட்டில். கட்டில்மேல் மெத்தை, மெத்தைமேல் வெயில், நீளமாக, தலையணை வரைக்கும். என் நீண்ட சன் ஷேடுக்குக் கீழே குனிந்து, வெயில் பாட்டுக்கு உள்ளே வந்து படுத்திருந்தது.

"நீ எங்க படுக்கறே?" என்றேன். எங்கள் கடையில் அவளை நீ என்றுதான் பேசுவோம். அது வாயில் அப்படியே வந்துவிட்டது. திருத்திக்கொண்டேன். "நீங்க எங்க படுக்கறீங்க?"

"சமையல் ரூமுக்குப் பக்கத்துல நடை இல்ல, அங்க. கல்லு ஜில்லுனு கீது. ஹால்லதான் வெயில் கால நீட்டிக்கினு படுத்துக்கினு கீதே, அதை எழுப்பிட்டு நான் படுக்கறதா?"

சமையலறையை ஒட்டிய நடைக்குப் போனேன். பாய் விரித்திருந்தது. அங்கே என் பையிலிருந்த வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தேன்: முப்பத்திரண்டரை. ஹாலுக்குத் திரும்பி வந்து தொங்குவதைப் பார்த்தேன்: முப்பத்தைந்தரை.

அவள் போன் அடித்தது. குவைத்திலிருந்து. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, மணி நாலு. எத்தினி?"

பொன்னியம்மா என் முகத்தைப் பார்த்தாள். "முப்பத்திநாலு காட்டுதுடா. கரெக்டா நிக்குது."

எனக்காகத்தான் சொன்னாள். என்னால் தாங்க முடியவில்லை. "இல்ல சிரஞ்சீவி. ஹால்ல முப்பத்தஞ்சரை. நடையில முப்பத்திரெண்டரை."

பின்னணியில் ஏதோ மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"ஒன்றரை மேல, ஒன்றரை கீழ. ஏழாயிரத்து ஐந்நூறு கழிச்சா, ஏழாயிரத்து ஐந்நூறு கூட்டணும். சரிக்குச் சரி மேடம். இருபத்தியஞ்சும் அனுப்பிடறேன்."

எங்கள் நைனாவாக இருந்தால் அந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டு முடித்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சரிக்குச் சரி? உங்கம்மா கட்டில் எங்க இருக்கு? நோட்டுல என்ன எழுதினீங்க, ஹால்னுதான? அவங்க சொந்த வீட்டுல நடையில பாய் போட்டுப் படுத்திருக்காங்க!"

"ஏன் கத்தறீங்க? நஷ்டம் எனக்குத்தான."

"நீங்க ஏசி மெக்கானிக். மேற்குக் கண்ணாடி எவ்வளவு சூட்டை உள்ள விடும்னு எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியும். எதுக்குக் கேட்டீங்க?"

"தெரியும்." இப்போது அவர் குரலும் ஏறியது. "தெரிஞ்சிதான் கேட்டேன். நீங்க வேணாம்பீங்க, நான் வேணும்பேன், சண்ட போட்டு ஏழுக்கு அஞ்சு ரெண்டுக்கு ரெண்டு ஆவும், அது போதும்னு இருந்தேன். பேரம்னு நீங்கதான உக்கார வெச்சீங்க? சொன்ன வெலைக்கே யாராச்சும் குடுப்பாங்களா? அந்த லாட்ஜுக்காரரோட மூணு வாரம் சண்ட போட்டீங்களாமே, உங்க மேஸ்திரி சொன்னாரு. எங்கூட மூணு நிமிஷம் போட்டீங்களா? அன்னிக்கி மண்ணக் குடுத்தீங்க. அப்புறம் பாவம்னு கண்ணாடியக் குடுத்தீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

பொன்னியம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மெத்தை சுட்டது. பஜாரில் பிறந்த எனக்கு, முதல் விலையைக் கேட்டதும் சரி என்று தலையாட்டினால் எதிராளி மனதுக்குள் என்ன நினைப்பான் என்று தெரியாதா? இந்த ஆளோடு பேரம் பேசவே வேண்டாம் என்று முடிவு செய்வது, ஆளை மதிக்காததில் இன்னொரு வகை. அதைக் கருணை என்று நானே பெயர் எழுதி ஒட்டியிருந்தேன்.

"கண்ணாடியை எடுக்கறேன்" என்றேன்.

"எடுக்கக் கூடாது. ஊரே பாத்துடுச்சி."

"அப்ப வெளியே மூங்கில் தட்டி கட்டறேன்."

"தட்டியா? மறுபடியும் கொட்டாயா?"

"சிரஞ்சீவி, வெயில் உள்ள வந்தப்புறம் அதை யாராலயும் வெளிய தள்ள முடியாது. வெளியதான் நிறுத்தணும். இப்ப நான் சண்ட போடறேன். கேளுங்க. கண்ணாடிக்கு ஒரு அடி தள்ளி இரும்புப் பட்டை. படுக்கையா, சாய்ச்சு வெச்சு. ரோட்டுலர்ந்து கண்ணாடி தெரியும், வெயிலுக்கு வழி தெரியாது. வெள்ளை பெயிண்ட்."

"நீலம்."

"வெள்ளை. நீலம் சூடாகும்."

"எத்தினி பட்டை?"

"பதினாறு."

"பன்னெண்டு. இல்லன்னா ஜெயில் மாதிரி இருக்கும்."

"பதினாலு. அதுக்குமேல ஒண்ணும் குறையாது. வேணாம்னா வேற ஆளைப் பாருங்க."

அந்தப் பக்கம் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது, கோபம் போகாத சிரிப்பு. "செலவு?"

"என்னுது."

"எதுக்கு உங்களுது? பாவமா?"

"இல்ல. தப்பு அளவுல துணி கிழிச்சவ நான். கிழிச்சதுக்குக் கடைதான் குடுக்கும்."

பொன்னியம்மா செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்தேன். அவள் கட்டில்மேல் கிடந்த வெயிலைப் பார்த்து, "கேட்டியா, பதினாலு பட்டையாம். எழுந்திரு" என்றாள்.

வெளியேயும் பழைய வீட்டுக்குள்ளும் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆத்திரம் அடங்காமல், டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்:

வெளியே 42.5. பழைய வீடு 41. நடை 32.5. ஹால் 35.5. பேசியது 34.
ஃபீஸ் 40,000. அட்வான்ஸ் வரவு 15,000. ஹாலில் கூடின ஒன்றரைக்குக் கழிவு 7,500. நடையில் குறைந்தது கணக்கில் சேராது. அவர் தர வேண்டியது 17,500.
இரும்புப் பட்டை பதினாலு, வெல்டிங், வெள்ளை பெயிண்ட், கூலி: 9,200. என் செலவு.
நான் தர வேண்டியது, பொன்னியம்மாவுக்கு, ஹாலில், அடுத்த வெள்ளிக்குள்: ஒன்றரை டிகிரி.